நிரல் எழுதும் பொறியும் பாடம் பார்க்கும் கண்ணும்

‘எடிட்டர்’ என்னும் சொல் செவியில் விழுந்ததும் தமிழ்த் துறையைச் சார்ந்த நமக்கு நினைவில் எழுபவர் பதிப்பாசிரியர். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, கிடைத்த படிகளை ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் போன்றோரையே அச்சொல்லால் நாம் கருதுவோம். கணிப்பொறித் துறையினரோ அதே சொல்லால் ஒரு கருவியைக் குறிக்கின்றனர். நிரல் எழுதுவதற்கும், எழுதியதைத் திருத்துவதற்கும் உரிய மென்பொருளே அவர்களுக்கு எடிட்டர்.

இவ்விருவகை எடிட்டர்களையும் ஒரே கட்டுரையில் கொணர வேண்டிய தேவை இன்று நேர்ந்துள்ளது. எழுதுவோன் கையில் எழுத்தாணியாக மட்டும் இருந்த கணிப்பொறி எடிட்டர், செயற்கை நுண்ணறிவின் துணையால் தானே எழுதும் நிலையை அடைந்துவிட்டது. ‘இன்னது வேண்டும்’ என்று சொன்ன அளவில் நூற்றுக்கணக்கான வரிகளை எழுதி நீட்டுகின்றது. நம் கல்லூரியில் கணிப்பொறிப் பயன்பாட்டியல் பயிலும் மாணவர்தம் பெற்றோர், நம்மைக் காணும்போதெல்லாம் ஒரு வினாவைத் தொடுக்கின்றனர்: “பொறியே எழுதிவிடுமாயின் எங்கள் பிள்ளை படித்து என்ன பயன்?” ஊர்ப் பெரியவர்கள் உதவித்தொகை அளித்துப் படிக்க வைக்கும் மாணவர்களைக் குறித்தும் இதே ஐயம் எழுகின்றது. தமிழாசிரியர் இதற்கு விடை கூறப் புகுவது மிகையெனச் சிலர்க்குத் தோன்றலாம். ஆயினும் இக்கருவிகளை மதிப்பிடும் முறையை ஆராயுங்கால், அது நம் துறைக்கு முற்றிலும் புறம்பான பொருளாகத் தோன்றவில்லை.

கருவி வந்த வழி

1969ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் ஆக்கிய ‘எட்’ என்னும் எடிட்டர், வரிகளை எண்ணிட்டு அழைத்துத் திருத்தும் இயல்பினது. 1976இல் பில் ஜாய் ‘வி.ஐ.’ என்பதனையும், ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலியோர் ‘ஈமேக்ஸ்’ என்பதனையும் உருவாக்கினர். திரை முழுவதையும் ஏடு போல விரித்து வைத்துத் திருத்தும் வழக்கம் இவற்றால் பரவியது. இவ்விரண்டனுள் எது சிறந்தது என நிரலாளர் இன்றளவும் வழக்காடுவர். உரையாசிரியருள் யார் சிறந்தவர் என்று நம்மவர் வழக்காடுவதை ஒத்தது அது. 2015இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘விஷுவல் ஸ்டூடியோ கோட்’ என்னும் எடிட்டரை வெளியிட்டது. அதன் மூல நிரல் எவரும் எடுத்தாளும் வண்ணம் திறந்து வைக்கப்பட்டமையால், பின்வந்தோர் பலர் அதனையே அடித்தளமாகக் கொண்டனர்.

2021 ஜூன் திங்களில் கிட்ஹப் நிறுவனம், ஓப்பன்ஏஐ ஆக்கிய ‘கோடெக்ஸ்’ என்னும் மொழி மாதிரியைத் துணைக்கொண்டு, ‘கோபைலட்’ என்பதனை முன்னோட்டமாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் அது பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. 2022இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் நால்வர் தொடங்கிய எனிஸ்ஃபியர் என்னும் நிறுவனம், விஷுவல் ஸ்டூடியோ கோடின் மூல நிரலை எடுத்து, அதனுள்ளே நுண்ணறிவைப் பொதிந்து, 2023இல் ‘கர்சர்’ என்னும் எடிட்டரைத் தந்தது. இவ்வகைக் கருவிகள் இன்று பல உள.

இவை செயற்படும் விதத்தைச் சுருங்கக் கூறலாம். மொழி மாதிரி என்பது, பெருந்தொகையான நிரல்களையும் உரைநடைகளையும் பயின்று, முன்னுள்ள பகுதியைக் கண்டு அடுத்து வரத்தக்க துணுக்கினை மதிப்பிடும் ஒரு கணித அமைப்பு. எடிட்டரின் வேலை, அம்மாதிரிக்குத் தேவையான முன்பகுதியைத் திரட்டித் தருவது. திறந்துள்ள கோப்பு எது, அதனோடு தொடர்புடைய பிற கோப்புகள் எவை, நிரலாளர் சற்று முன் எதனை மாற்றினார் என்பனவற்றையெல்லாம் தொகுத்து மாதிரிக்கு அனுப்புகின்றது. திரும்பி வருவது மூவகையாய் அமையும். எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடித்துத் தருவது ஒன்று. சுட்டிக் காட்டிய பகுதியை, சொன்ன வண்ணம் மாற்றித் தருவது மற்றொன்று. மூன்றாவது நிலையில் ‘முகவர்’ எனப்படும் முறை வருகின்றது. ஒரு பணியை ஒப்படைத்தால், தானே கோப்புகளைத் திறந்து, எழுதி, இயக்கிப் பார்த்து, பிழை கண்டால் திருத்தி, முடித்ததாக அறிவிக்கும். மதிப்பீட்டில் எழும் சிக்கல்களுட் பெரும்பாலன இம்மூன்றாம் நிலையில்தான் தோன்றுகின்றன.

தேர்வுத்தாள் மதிப்பெண்

நம் கல்விமுறையைப் போலவே இத்துறையினரும் முதலில் தேர்வு வைத்தே தரம் கண்டனர். 2021இல் கோடெக்ஸை அறிமுகப்படுத்தியபோது 164 வினாக்கள் கொண்ட ‘ஹியூமன்இவால்’ என்னும் தேர்வு வெளியாயிற்று. ஒரே முயற்சியில் கோடெக்ஸ் அவற்றுள் 28.8 விழுக்காட்டிற்கு விடையளித்தது. சில ஆண்டுகளுக்குள் பின்வந்த மாதிரிகள் அத்தேர்வில் ஏறத்தாழ முழு மதிப்பெண்ணை எட்டியமையால், தேர்வே பயனற்றதாயிற்று. 2023 அக்டோபரில் ‘ஸ்வீ பெஞ்ச்’ என்னும் கடினமான தேர்வு வந்தது. நடைமுறையிலுள்ள 12 பைத்தான் மென்பொருள்களில் மெய்யாகவே எழுந்த 2,294 சிக்கல்கள் அதிலுள்ள வினாக்கள். அன்று முதலிடம் பெற்ற மாதிரி தீர்த்தது 1.96 விழுக்காடே. அதிலிருந்து சரிபார்த்துத் தெரிந்தெடுத்த 500 வினாக்களில், 2025ஆம் ஆண்டு மாதிரிகள் 70 விழுக்காட்டைக் கடந்தன.

வளர்ச்சி வியப்பிற்குரியதே, மறுப்பதற்கில்லை. எனினும் அவ்வினாக்களும் விடைகளும் உலகறிய வெளியிடப்பட்டவை. தேர்வுக்கு முன்னரே வினாத்தாளைப் படித்திருக்கக்கூடிய மாணவனின் மதிப்பெண்ணை நாம் எவ்வாறு கொள்வோமோ அவ்வாறே இதனையும் கொள்ளுதல் வேண்டும். மேலும், மென்பொருள் நிறுவனமொன்று தனக்கென ஓர் எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது வேண்டுவது உலகத் தரவரிசை அன்று. தன் வீட்டு வேலைக்கு அது பயன்படுமா என்பதே.

விரைவு என்னும் அளவுகோல்

விளம்பரங்கள் பெரிதும் பேசுவது விரைவை. அதனை அளந்த இரு சோதனைகளை அருகருகே வைத்துக் காண்பது பயன் தரும்.

முதற் சோதனையின் முடிவு 2023 பிப்ரவரியில் வெளிவந்தது. நிரலாளர் 95 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இணைய வழங்கி ஒன்றை எழுதுமாறு பணித்தனர். கோபைலட் துணை பெற்ற குழுவினர் 55.8 விழுக்காடு குறைந்த நேரத்தில் முடித்தனர். சராசரி நேரம் அவர்களுக்கு 71 நிமிடம். துணையின்றி எழுதியோர்க்கு 161 நிமிடம்.

இரண்டாவது, கலிபோர்னியாவைச் சார்ந்த ‘மீட்டர்’ என்னும் ஆய்வு நிறுவனம் 2025 ஜூலையில் வெளியிட்டது. பட்டறிவு மிக்க நிரலாளர் 16 பேர் இதிற் பங்கேற்றனர். அவர்கள் சராசரியாக ஐந்தாண்டுகள் தாமே பேணிவரும் பெரிய மென்பொருள்களிலிருந்து 246 பணிகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு பணிக்கும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தனர். பயன்படுத்தியோர் பெரும்பாலும் கையாண்டது கர்சர் எடிட்டரையே. தொடங்குமுன் கேட்டபோது, நுண்ணறிவால் 24 விழுக்காடு நேரம் குறையும் என அவர்கள் கணித்தனர். முடிந்தபின் கேட்டபோது, 20 விழுக்காடு குறைந்ததாகக் கூறினர். கடிகாரம் காட்டியதோ 19 விழுக்காடு கூடுதல் நேரம்!

இவ்வாய்வைக் கொண்டு ‘இக்கருவிகள் பயனற்றவை’ எனச் சிலர் முழங்கினர். ஆய்வாளரே அவ்வாறு கூறவில்லை. 2025ஆம் ஆண்டின் முற்பகுதியிலிருந்த கருவிகளையும், தம் மென்பொருளைக் கரதலப் பாடமாக அறிந்தவர்களையும் வைத்துச் செய்த சோதனை அது. பின்வந்த கருவிகளுக்கும் புதியவர்களுக்கும் அவ்வெண் பொருந்தவேண்டும் என்பதில்லை. நம் நெஞ்சில் தைப்பது வேறொன்று. வேலை செய்தவர்களே, செய்து முடித்த பின்னரும், தாம் விரைந்தோமா தாமதித்தோமா என்பதை அறியவில்லை. ஒரு கருவியை ஒரு வாரம் பழகிவிட்டு ‘மிக விரைவாக இருக்கிறது’ என்று ஒருவர் கூறும் சான்று எத்துணை நலிந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இரு முடிவுகளும் முரண்படுவன போலத் தோன்றினும், முரணில்லை என்றே கருதுகின்றோம். முதற் சோதனையில் தரப்பட்டது வெற்று மனையில் புது வீடு கட்டும் வேலை. இரண்டாவதில் தரப்பட்டது, தான் பிறந்து வளர்ந்த பழைய வீட்டில் ஓர் உத்தரத்தை மாற்றும் வேலை. புது மனையில் எழுதுவதே பெரும்பொழுதைக் கொள்ளும். பழைய வீட்டிலோ, எழுதியது அங்குள்ள சுவரோடு பொருந்துமா என்று பார்ப்பதே பெரும்பொழுதைக் கொள்ளும். இரண்டாம் ஆய்வில் பொறி தந்தவற்றுள் நிரலாளர் ஏற்றுக்கொண்டது 44 விழுக்காட்டிற்கும் குறைவு. எஞ்சியவற்றைப் படித்துத் தள்ளுவதற்கும் நேரம் வேண்டுமன்றோ?

ஒரு பிற்பகற் சோதனை

நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் கற்று, இன்று மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றும் முன்னாள் மாணவர் ஒருவர் பெருநாள் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். மடிக்கணிப்பொறியையும் உடன் கொணர்ந்திருந்தார். “ஐயா, நீங்களே ஒரு வேலை கொடுங்கள், பார்ப்போம்” என்றார். வெண்பாவின் சீர்களை அசை பிரித்து வாய்பாடு கூறும் நிரல் ஒன்று நம் துறைக்கு நெடுநாளாகத் தேவைப்பட்டது. அதனையே கேட்டோம். எடிட்டரின் பெயர் ஈண்டு வேண்டா. குறை ஒன்றற்கு மட்டும் உரியதன்று.

இரண்டு மூன்று நிமிடங்களில் முந்நூறு வரிக்குமேல் எழுதி முடித்தது. அதனைச் சோதிப்பதற்கான சோதனைகளையும் அதுவே எழுதி, அதுவே இயக்கி, எல்லாம் பச்சை நிறத்தில் தேறியதாகக் காட்டியது. ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கொடுத்து எழுத்தெண்ணச் சொன்னோம். யூனிகோடு முறையில் இச்சொல் ஐந்து குறியீடுகளால் ஆனது. தகரம் ஒன்று, மகரமும் இகரக் குறியும் இரண்டு, ழகரமும் புள்ளியும் இரண்டு. விவரமறியா நிரல் ஐந்து என்னும். இதுவோ மூன்று என்று சரியாகக் கூறியது. மெய்யாகவே வியந்தோம்.

அடுத்து ‘அன்னையின்’ என்னும் சீரைக் கொடுத்தோம். நேர் நேர் நேர், தேமாங்காய் என்றது. சொல்லின் இடையில் வரும் ஐகாரம் குறுகும் என்பதைச் செய்யுள் பயின்றோர் அறிவர். அச்சீர் நேர் நிரை, கூவிளம். பிழையைச் சுட்டியதும் பொறி பணிவுடன் ஒப்புக்கொண்டு, நிரலைத் திருத்தி, மீண்டும் எல்லாம் பச்சை எனக் காட்டியது. ‘அன்னையின்’ இப்போது கூவிளம். மாணவர் முகத்தில் மலர்ச்சி. “முடிந்தது ஐயா” என்று மடிக்கணிப்பொறியை மூடப்போனார்.

மூடவேண்டா என்று தடுத்தோம். இவ்வகை எடிட்டர்கள் தாம் செய்த மாற்றத்தை நிறங்களால் காட்டும். நீக்கிய வரி சிவப்பு, சேர்த்த வரி பச்சை. நமக்குப் பைத்தான் மொழி தெரியாது. ஆயினும் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்ற காலத்தில் ஒரு நூலின் இரு பதிப்புகளைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்ட பழக்கம் விட்டபாடில்லை. அந்நிற வரிகளை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது, சோதனைப் பகுதியில் ஒரு தமிழ்ச்சொல் கண்ணிற் பட்டது. ‘ஐயம்’ என்னும் சொல்லுக்கு முன்னர் ‘தேமா’ என்றிருந்த விடை சிவப்பாகி, ‘மலர்’ என்று பச்சையில் வந்திருந்தது.

நடந்தது இதுதான். ஐகாரம் குறுகும் என்று நாம் சொன்னதைக் கேட்ட பொறி, சொல்லின் முதலில் நிற்கும் ஐகாரத்தையும் சேர்த்துக் குறுக்கிவிட்டது. ஆகவே ஐயம் என்பது குறிலிணை ஒற்றடுத்த ஒரே நிரையசையாயிற்று. அதனால் தன் பழைய சோதனை ஒன்று தோற்றது. தோற்ற சோதனையைக் கண்டு நிரலை ஐயுறவேண்டிய இடத்தில், அது சோதனையின் விடையை மாற்றி எழுதிவிட்டது. தேர்வெழுதிய மாணவனே விடைக்குறிப்பையும் திருத்திக்கொண்டான் என்க! இவ்வியல்பு நாம் கண்ட கருவிக்கு மட்டும் உரியதன்று. சோதனையைத் தேறச்செய்வதே நோக்கம் எனக் கொள்ளும் முகவர்களிடம் பரவலாகக் காணப்படும் குறையே என்று மாணவர் விளக்கினார்.

இனி நம் கண்ணுக்குத் தப்பி அவர் கண்ணிற் பட்டது ஒன்றுண்டு. ‘கொ’ என்னும் எழுத்தைக் கணிப்பொறியில் இரு வகையாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வகை. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். நிரலோ முதல் வகையை மட்டுமே எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தது. துறையிலுள்ள பழைய கோப்பு ஒன்றிலிருந்து ‘கொடை’ என்னும் சொல்லை எடுத்துக் கொடுத்தபோது, அதற்கு மூன்றெழுத்து என்றது. தமிழ் மட்டும் அறிந்தவர் இப்பிழைக்குக் காரணம் காண முடியாது. நிரல் மட்டும் அறிந்தவர் ‘ஐயம்’ பிழையென்றே அறியமாட்டார். இருவர் கண்ணும் வேண்டியிருந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கு அமர்ந்தவர்கள் எழுந்தபோது மணி ஆறு. அதில் பொறி எழுதிய நேரம் அனைத்தையும் கூட்டினாலும் கால் மணிக்கு மேல் தேறாது. மீதிப் பொழுதெல்லாம் படித்ததே. துணையின்றி எழுதியிருந்தால் என்னாகும் என்று வினவினோம். யாப்பைக் கற்று எழுத இரண்டு நாளாவது ஆகியிருக்கும் என்றார். அதனையும் நேர்மையாகப் பதிவு செய்தல் நம் கடன்.

பிழையின் முகம்

சுவடி ஆய்வில் பழகியோர்க்கு ஒரு செய்தி தெரியும். பொருள் அறியாது வரிவடிவை மட்டும் பார்த்து எழுதியவன் செய்யும் பிழை வெளிப்படையாக நிற்கும். சொல் பொருளற்றுப் போவதால் பார்த்தவுடன் பிடிபடும். அரைகுறையாகக் கற்றவன் படியெடுக்கும்போதுதான் இடர் மிகுதி. விளங்காத அரிய சொல்லை நீக்கி, விளங்கும் எளிய சொல்லை அவன் பெய்துவிடுவான். ஓசை கெடாது; பொருளும் ஒருவாறு ஓடும்; பிழை என்று எவர்க்கும் தோன்றாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு சுவடி கிடைக்கும் வரையில் அதுவே பாடமாக நின்று நிலவும்.

செயற்கை நுண்ணறிவு எழுதும் நிரலின் பிழை இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. வரத்தக்கதை மதிப்பிட்டு எழுதுவதால், எப்போதும் வரத்தக்கது போலவே தோன்றுகின்றது. அமெரிக்காவின் மூன்று பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆய்வாளர், 16 மாதிரிகளைக் கொண்டு 5,76,000 நிரல் துண்டுகளை எழுதச்செய்து ஆராய்ந்தனர். நிரலாளர் பிறர் எழுதி வைத்த நிரற்பொதிகளைப் பெயர் சொல்லி வரவழைத்துப் பயன்படுத்துவது வழக்கம். மாதிரிகள் பெயர் சொல்லிய பொதிகளுட் பல உலகில் இல்லாதவை. வணிக மாதிரிகளில் இவ்வளவு குறைந்தது 5.2 விழுக்காடு, பொதுவில் திறந்து வைக்கப்பட்ட மாதிரிகளில் 21.7 விழுக்காடு. இவ்வாறு பிறந்த பொய்ப்பெயர்கள் 2,05,474. கேட்போர்க்கு அவை பொய்ப்பெயராகத் தோன்றா. இருந்திருக்க வேண்டிய பெயர்கள் போலவே இருக்கும். தீயோர் அத்தகு பெயரொன்றில் நச்சுநிரலைப் பதிவு செய்து காத்திருப்பின், பெயரை நம்பி வரவழைப்போர் கதி என்னாகும்?

பாதுகாப்பைப் பற்றிய ஆய்வுகளும் இதனையே வலியுறுத்துகின்றன. நியூயார்க் பல்கலைக்கழகத்தார் 2021இல் 89 சூழல்களை அமைத்துக் கோபைலட்டைச் சோதித்தனர். அது எழுதிய 1,689 நிரல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு பாதுகாப்புக் குறையுடையன. அடுத்த ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வில், நுண்ணறிவின் துணையுடன் எழுதியோர் துணையின்றி எழுதியோரினும் பாதுகாப்புக் குறைந்த நிரலையே எழுதினர். அவ்வாறு எழுதியும், தம் நிரல் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது. மாதிரிகள் பின்னர் மேம்பட்டுள்ளன. மனித நெஞ்சம் அவ்விரைவில் மேம்படுவதாகத் தெரியவில்லை.

இடையே ஒரு சொல். நிரற்பிழையைத் தமிழில் ‘வழு’ என்று வழங்கத் தொடங்கியவர் யாராயினும் அவர்க்கு நாம் கடப்பாடு உடையோம். வழாநிலை, வழு, வழுவமைதி என்று நம் இலக்கணம் மூன்றாக வகுத்து வைத்துள்ளது. பிழையைத் திருத்த மனமின்றி, ‘அது அப்படித்தான் அமைக்கப்பட்டது’ என்று நிறுவனங்கள் சாதிக்கும் வழக்கம் உண்டாம். மாணவர் இதனைச் சொன்னபோது, வழுவமைதி என்னும் சொல் அங்கும் பயன்படுமே என்று நகைத்துக்கொண்டோம்.

மதிப்பிடுவோர் நோக்கற்பாலன

ஆகவே ஓர் எடிட்டரை மதிப்பிடப் புகுவோர் முதலில் நோக்கவேண்டியது, அது எவ்வளவு எழுதுகின்றது என்பதனை அன்று. எழுதியதைப் படித்துச் சரிபார்க்க எவ்வளவு இடந்தருகின்றது என்பதனையே. செய்த மாற்றங்களைச் சிறு சிறு பகுதிகளாகக் காட்டுகின்றதா? ஒரு பகுதியை ஏற்று மற்றொன்றைத் தள்ள இயலுமா? கேளாத கோப்பிலும் கைவைக்கின்றதா? வைத்ததைச் சொல்கின்றதா? பத்து மாற்றங்களுக்கு முன்பிருந்த நிலைக்கு ஒரு சொடுக்கில் மீள முடியுமா? கேட்டது பத்து வரி மாற்றமாயிருக்க, நானூறு வரியை மாற்றி நீட்டும் கருவி, எத்துணை அறிவுடையதாயினும் படிப்போனைச் சோர்வுறச் செய்யும். சோர்ந்தவன் படியாமலே ஒப்புதல் அளிப்பான். ‘ஐயம்’ அங்கேதான் ‘மலர்’ ஆகின்றது.

சோதனைகளைப் பொறியிடம் விடாது மனிதரே எழுதி, பொறி தொடமுடியாத இடத்தில் வைத்தல் இரண்டாவது. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்து வைத்தல் மூன்றாவது. மனக்கணக்கை நம்புதல் ஆகாது என்பதை மேலே கண்டோம்.

மறைபொருள் காத்தலும் விலையும் எஞ்சி நிற்பன. இவ்வெடிட்டர்கள் திரட்டும் முன்பகுதி, பெரும்பாலும் வேற்று நிறுவனத்தின் வழங்கிக் கணிப்பொறிக்குச் செல்கின்றது. வங்கி, மருத்துவமனை ஆகியவற்றின் நிரல்களைக் கையாள்வோர் அங்கு எது சேமிக்கப்படுகின்றது என்பதை எழுத்து மூலம் அறிந்த பின்னரே தொடங்குதல் வேண்டும். சேமிக்காத வகையில் அமைத்துக்கொள்ளும் வசதி கர்சர் முதலியவற்றில் உண்டு. விலையைப் பொறுத்தவரை, மாதக் கட்டணத்தை மட்டும் நோக்கி மயங்கற்க. 2025 ஜூனில் கர்சர் தன் கட்டண முறையை, பயன்பாட்டின் அளவுக்கேற்பக் கூடும் வண்ணம் மாற்றியது. எதிர்பாராத தொகை கண்டு பயனாளர் முறையிடவே, அடுத்த திங்களில் அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்துப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

பெற்றோரின் வினா

2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கார்பதி என்னும் அறிஞர், நிரலைப் படியாமலே பொறியிடம் கேட்டுக் கேட்டு மென்பொருள் ஆக்கும் போக்கிற்கு ‘வைப் கோடிங்’ என்று பெயரிட்டார். விளையாட்டாக வார இறுதியில் செய்து பார்க்கும் வேலைக்கே அவர் அப்பெயரைச் சொன்னார். அவ்வாண்டிற்குரிய சொல்லாகக் காலின்ஸ் அகராதி அதனைத் தேர்ந்தெடுக்கும் அளவிற்கு அது பரவிற்று.

விளையாட்டு வேறு, பயிற்சி வேறு. இறுதியாண்டு மாணவர் ஒருவர் தம் திட்டப்பணியை வாய்மொழித் தேர்வில் காட்டிய நிகழ்ச்சியைக் கணிப்பொறித் துறை நண்பர் நம்மிடம் வருந்திக் கூறினார். மென்பொருள் அழகுற இயங்கியது. ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, ‘இவ்வரி எதற்கு?’ என்று வினவியபோது மாணவர் வாய் திறக்கவில்லை. ‘இதனை நீக்கினால் என்னாகும்?’ என்றதற்கும் விடையில்லை. அம்மாணவர் சோம்பர் அல்லர். இரவெல்லாம் விழித்துப் பொறியிடம் கேட்டுக்கொண்டிருந்தவர். எழுத்தைக் கண்டாரேயன்றிப் படிக்கவில்லை.

பெற்றோர் வினாவிற்கு நாம் கூறும் விடை இங்குதான் தொடங்குகின்றது. வேலைவாய்ப்பு குறையுமா என்பதைக் கணித்துரைக்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் ஒன்று கண்கூடு. முன்பெல்லாம் பணியிற் சேர்ந்த இளைஞர்க்குச் சிறு சிறு வழுக்களைத் திருத்தும் வேலையே முதலில் தரப்படும். பிறர் எழுதிய நிரலைப் படித்துப் பழகும் திண்ணைப் பள்ளி அது. அவ்வேலையைப் பொறி ஏற்றுக்கொள்ளும்போது பள்ளியும் உடன் போகின்றது. பொறி எழுதியதைச் சரிபார்க்கும் பொறுப்போ அதே இளைஞரிடம் முதல் நாளிலேயே வந்து சேருகின்றது. எனவே படிக்கும் பயிற்சியைக் கல்லூரியே தரவேண்டிய கட்டாயம் நேர்ந்துள்ளது. பிறர் எழுதிய நூறு வரியைக் கொடுத்து, ஒளிந்துள்ள வழுவைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினா ஒன்றேனும் ஒவ்வொரு தேர்விலும் இடம்பெறலாம். முதலாண்டில் எடிட்டரின் நுண்ணறிவை அணைத்து வைத்தும், மூன்றாமாண்டில் அதனைத் திறந்துவிட்டும் பயிற்றலாம். கணிப்பொறித் துறை நண்பரிடம் இதனைக் கூறியுள்ளோம். தன்னாட்சிக் கல்லூரியாயின் எளிது என்றார். பாடத்திட்டக் குழு கூடும்போது பேசலாம்.

நம் யாப்பு நிரல் இப்போது துறைக் கணிப்பொறியில் உள்ளது. அதற்குரிய சோதனைச் சொற்களை இரண்டாமாண்டு மாணவர்கள் அசை பிரித்துக் கையால் எழுதித் தருகின்றனர். விடையை இருவர் தனித்தனியே எழுதி, ஒத்திருந்தால் மட்டுமே பட்டியலில் ஏற்றுகின்றோம். முன்னாள் மாணவர் மாதம் ஒருமுறை அப்பட்டியலை இயக்கிப் பார்த்து முடிவை அனுப்புகின்றார். ‘ஐயம்’ மீண்டும் தேமாவாகிவிட்டது, ‘கொடை’க்கு இரண்டெழுத்தே. சென்ற திங்கள் வந்த முடிவில் ‘அஃது’ இன்னும் சிவப்பாகவே நிற்கின்றது.